கடல் ஆய்வுக் கப்பலில் இருக்கும் கருவி யாருடையது?

நாகப்பட்டினத்துக்கு நேரே கடலில் பெரிய கப்பல் ஒன்று மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்றால் கரையில் பேச்சு கிளம்பிவிடும். ஹைட்ரோகார்பன் தேட வந்திருக்கிறார்கள் என்பார் ஒருவர். சீனாவின் உளவுக் கப்பல் என்பார் இன்னொருவர். டெல்டா மக்கள் இப்படிச் சந்தேகப்படுவதில் தவறு எதுவும் இல்லை. நிலத்தில் பட்ட அனுபவம் அப்படி. ஆனால் ஆய்வுக் கப்பலில் என்னென்ன கருவிகள் இருக்கும், அவை யார் பொறுப்பில் இருக்கின்றன, எடுத்த அளவுகள் எங்கே போகின்றன என்பது தெரிந்தால்தான் கேள்வியைச் சரியான இடத்தில் வைக்க முடியும்.

செய்திகள் இதற்கு அதிகம் உதவுவதில்லை. 2024 ஜூலையில், கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்துக்கு ஒரு புதிய ஆய்வுக் கப்பல் கட்டுவதற்காகக் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல்கட்டும் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. மதிப்பு சுமார் 840 கோடி ரூபாய். தொகை எல்லார் கண்ணிலும் பட்டது. அந்தக் கப்பலில் ஏறப்போகும் கருவிகளை யார் பராமரிப்பார்கள், யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்பதைப் பற்றிப் பேச்சே குறைவு. கப்பலின் பயன் பாதிக்குமேல் அதில்தான் இருக்கிறது.

1. கப்பல் செய்வது என்ன, கருவி செய்வது என்ன

ஆய்வுக் கப்பலின் வேலை மூன்றுதான். விஞ்ஞானிகளைக் கடலுக்குக் கொண்டுபோவது. காற்றும் நீரோட்டமும் தள்ளினாலும் குறித்த இடத்தை விட்டு நகராமல் நிற்பது. கனமான பொருளைத் தண்ணீருக்குள் பத்திரமாக இறக்கி ஏற்றுவது. இரண்டாவது வேலைக்கு டைனமிக் பொசிஷனிங் என்ற ஏற்பாடு உண்டு. செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தைப் பார்த்துப் பார்த்து, பக்கவாட்டு உந்திகளை இயக்கி, நங்கூரம் போடாமலேயே கப்பல் நிற்கும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (என்.ஐ.ஓ.டி.) சாகர் நிதி இந்த வசதி உள்ள கப்பல், 100 மீட்டருக்கு மேல் நீளம். கரையிலிருந்து பார்க்கிறவருக்குக் கப்பல் சும்மா நிற்பதுபோலத் தெரியும். அந்த நேரத்தில்தான் அடியில் வேலை நடக்கிறது.

அளவெடுப்பது கருவி. கருவிகளில் இரண்டு ரகம்.

ஒன்று, கப்பலின் அடிப்பாகத்திலேயே பொருத்தப்பட்டவை. மல்டிபீம் எக்கோ சவுண்டர் ஒலியை விசிறிபோல விரித்து அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துக் கடல்தரையின் ஆழத்தைக் கணக்கிடும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஏ.டி.சி.பி. என்ற கருவி, நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தை வைத்து நீரோட்டத்தின் வேகத்தையும் திசையையும் அடுக்கடுக்காகச் சொல்லும். இவற்றைக் கழற்றி வேறு கப்பலில் மாட்ட முடியாது.

இரண்டு, ஏற்றி இறக்கக்கூடியவை. நீர் மாதிரி எடுக்கும் பாட்டில்கள், கடல்தரை மண்ணைக் குழாய்போலக் குத்தி எடுக்கும் கோரர்கள், மிதவை உயிரிகளைப் பிடிக்கும் நுண்வலைகள், மாதக்கணக்கில் கடலில் விட்டுவைக்கும் மிதவைகள், தானாக நீந்தும் கிளைடர்கள், கேமரா வைத்த ரோபோக்கள். ஒரே கருவியைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகத்தைத்தான் சொல்கிறோம்.

இடையில் ஒரு விளக்கம். எண்ணெய், எரிவாயு தேடும் நில அதிர்வு ஆய்வுக் கப்பலை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. அது நிற்காது, நேர்கோட்டில் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் வெடிக்கவிடும் கருவிகளையும், ஒலி வாங்கிகள் பதித்த பல கிலோமீட்டர் நீளக் கேபிள்களையும் பின்னால் இழுத்துப் போகும். வலைகளை எடுத்துவிடச் சொல்லும் காவல் படகுகளும் கூடவே வரும். கடல்நீரை ஆராயும் கப்பலின் நடவடிக்கை வேறு: நிற்கும், எதையோ இறக்கும், ஏற்றும், சில மைல் தள்ளிப் போய் மறுபடி நிற்கும்.

2. ஒரு கருவியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்

சி.டி.டி. என்பது கடலியலின் அன்றாடக் கருவி. நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும். மின்கடத்துதிறனிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிடலாம். வெப்பமும் உப்பும் தெரிந்தால் நீரின் அடர்த்தி தெரியும். அடர்த்தி தெரிந்தால் எந்த நீர் மேலே நிற்கும், எது அடியில் போகும், நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும் என்பதெல்லாம் தெரியவரும்.

பார்க்க ஆள் உயர வட்டக் கூடு. சுற்றிலும் 12 அல்லது 24 பாட்டில்கள், ஒவ்வொன்றும் பொதுவாக 10 லிட்டர். பாட்டிலின் இரண்டு பக்க மூடிகளும் திறந்தபடி இறங்கும். நீர் உள்ளே புகுந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். கூட்டின் அடியில் சென்சார்கள். மேலே எஃகு உறை போட்ட, சுமார் 8 மில்லிமீட்டர் பருமனுள்ள கேபிள். பாரத்தைத் தாங்குவதும் அதுதான், விநாடிக்கு 24 முறை அளவுகளை மேலே அனுப்புவதும் அதுதான். கேபிளைச் சுற்றி இறக்கும் வின்ச் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் விட்டால் 2,000 மீட்டர் இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறும்போது வேண்டிய ஆழத்தில் நிறுத்தி, மேலிருந்து கட்டளை கொடுத்தால் ஒரு பாட்டில் மூடிக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு பாட்டில்.

கூடு தளத்துக்கு வந்ததும் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்பதில் கண்டிப்பான வரிசை உண்டு. கரைந்திருக்கும் வாயுக்களை அளப்பவர்களும் ஆக்சிஜன்காரர்களும் முதலில். பாட்டிலைத் திறந்ததுமே வெளிக்காற்று உள்ளே கலந்து அளவு கெட்டுவிடும். சிறு கண்ணாடிக் குப்பியில் குமிழி வராமல் பிடித்து, அங்கேயே மாங்கனீஸ் உப்பும் காரக் கரைசலும் சொட்டுவிட்டு மூடிக் குலுக்குவார்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வண்டல் படியும். வின்க்லர் 1888இல் தந்த முறை இது. இன்றைக்கும் எலெக்ட்ரானிக் ஆக்சிஜன் சென்சாரைச் சரிபார்க்க இதைத்தான் நம்புகிறார்கள். அப்புறம் கார்பன், சத்துப்பொருட்கள் என்று போய், உப்பு பார்ப்பவர் கடைசியில் வருவார். உப்பு எங்கும் ஓடிப்போகாது.

கடைசியில் பிடித்த அந்த உப்பு மாதிரியில்தான் பகிர்வின் மையமே இருக்கிறது. அதை ஆய்வகத்தில் உப்பு அளக்கும் சாலினோமீட்டரில் வைத்து, உலகம் முழுக்கப் பயன்படும் தரநிலைக் கடல்நீரோடு ஒப்பிடுவார்கள். சி.டி.டி. சொன்ன அளவும் பாட்டில் சொன்ன அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு. ஒத்துப்போகாமல் போவது சகஜம். சென்சாரின் கண்ணாடிக் குழாயில் எண்ணெய்ப் படலமோ பாசியோ ஒட்டினால் அளவு மெல்ல மெல்ல நகரும். அதனால்தான் சென்சார்களை வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றி காலிப்ரேஷனுக்கு (தரநிலையோடு ஒப்பிட்டு அளவைச் சரிபார்ப்பதற்கு) அனுப்புகிறார்கள். பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்துக்கே, அதாவது வெளிநாட்டுக்கே அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே போய், அளவு சரிபார்த்து, சுங்கம் தாண்டித் திரும்ப மாதக்கணக்காகும். அதுவரை மாற்று சென்சார் கையில் இல்லாவிட்டால் கப்பல் இருந்தும் பயனில்லை.

இவ்வளவு துல்லியம் எதற்கு? நம் கடலிலிருந்தே சொல்லலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். கங்கை, பிரம்மபுத்திரா போன்ற வடக்கத்தி ஆறுகள் வங்கக் கடலில் கொட்டிய நன்னீரின் ஒரு பகுதி அதோடு நம் கரைவரை வரும். மேல்நீரில் உப்பு நன்றாகவே குறையும். அந்த மாற்றத்தைக் காண சுமாரான கருவி போதும். ஆனால் 2,000 மீட்டருக்குக் கீழே இருக்கும் நீரில் பத்தாண்டுக்குப் பத்தாண்டு நடக்கும் மாற்றம் கிலோவுக்கு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு அளவில்கூட இருக்கலாம். இரண்டு கப்பல்களின் கருவிகள் தங்களுக்குள்ளேயே அந்த அளவுக்கு மாறுபட்டால், கடல் மாறியதா கருவி மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சங்கிலி இன்னும் நீளும். உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர்வரை மூழ்கி எழுந்து அளவுகளைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. இந்தியாவின் பங்கை ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) பார்த்துக்கொள்கிறது. விட்டபின் அந்த மிதவைகளை யாரும் எடுத்துத் துடைப்பதில்லை. அவற்றின் உப்பு அளவு பிசகுகிறதா என்று பார்க்கக் கப்பல்களின் நல்ல சி.டி.டி. அளவுகள்தான் ஆதாரம். கடலின் மேலடுக்கில் எவ்வளவு வெப்பம் தேங்கியிருக்கிறது என்ற கணக்கு புயல் கணிப்புக்குத் தேவை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கஜா கரையேறியதை அனுபவித்தவர்களுக்கு, புயலின் வேகம் எவ்வளவு கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்வதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

3. பொதுக் கருவி என்றால் மூன்று அடுக்கு

1. கப்பலோடு இருப்பவை. சி.டி.டி., வானிலைக் கருவிகள், கப்பல் ஓடும்போதே மேல்நீரை உறிஞ்சி அளந்துகொண்டே போகும் தெர்மோசாலினோகிராஃப் போன்றவை. எந்த நிறுவனத்து விஞ்ஞானி வந்தாலும் இவை தயாராக இருக்க வேண்டும். இவற்றுக்கான பணம் ஒரு தனி ஆய்வுத் திட்டத்திலிருந்து வரக்கூடாது. கப்பல் இயக்கும் செலவின் பகுதியாக வர வேண்டும்.

2. கிடங்கிலிருந்து போய்வருபவை. பெரிய கோரர், ஆழ்கடல் கேமரா, கூடுதல் வின்ச், நீரடியில் கட்டிவைத்த கருவியை ஒலிச் சைகையால் விடுவிக்கும் ரிலீஸர். எல்லாப் பயணத்துக்கும் தேவைப்படாது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒன்று வாங்கினால் ஆண்டில் பாதி நாள் தூங்கும்.

3. கன்டெய்னர் ஆய்வகங்கள். 20 அடி சரக்குக் கன்டெய்னருக்குள் ஆய்வகத்தையே அமைத்து, தளத்தில் பூட்டிவிடுவார்கள். மின்சாரம், தண்ணீர் இணைப்பு கொடுத்தால் போதும்.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவியைப் பகிர்ந்தால் தரம் குறையும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். கடல் பாசிகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று அறிய கதிரியக்கக் கார்பன்-14ஐச் சிறிதளவு மாதிரியில் சேர்ப்பது பழைய முறை. அதே கப்பலில் அடுத்த மாதம் வருபவர், இயற்கையில் மிகமிகச் சொற்பமாக இருக்கும் கார்பன்-14ஐ வைத்து ஆழ்கடல் நீரின் வயதைக் கணக்கிடுபவராக இருக்கலாம். முதலாமவர் சிந்திய துளி எங்காவது மேசையில் ஒட்டியிருந்தால் இரண்டாமவரின் உழைப்பு முழுவதும் வீண். ஆகவே கதிரியக்க வேலைக்குத் தனிக் கன்டெய்னர். வேலை முடிந்ததும் இறக்கிக் கொண்டுபோய்விடலாம். இரும்புச் சத்து ஆய்விலும் இப்படித்தான். கப்பலே இரும்பு. கடல்நீரில் கரைந்திருக்கும் இரும்போ லிட்டருக்கு ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. வடிகட்டிய காற்று வீசும் சுத்தமான கன்டெய்னரும், எஃகுக்குப் பதில் செயற்கை இழையில் செய்த கயிறும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே முடியாது. ஒரு தனி ஆராய்ச்சியாளர் தன் திட்டப் பணத்தில் இதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா?

4. பணம் மிச்சமாவது பாதிக் காரணம்தான்

அமைச்சகங்கள் பொதுவாகச் சிக்கனத்தைச் சொல்லித்தான் பகிர்வை ஆதரிக்கும். உண்மைதான், மிச்சமாகும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு.

முதலாவது, ஒரே மாதிரியான அளவு. ஐந்து கப்பல்களில் ஒரே வகை சென்சார், ஒரே கால அட்டவணையில் காலிப்ரேஷன், ஒரே கோப்பு வடிவம் இருந்தால் அந்த ஐந்து கப்பல்களும் சேர்ந்து ஒரே கடலை அளக்கின்றன என்று சொல்லலாம். இல்லாவிட்டால் ஐந்து பேர் தனித்தனியாக எதையோ அளந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வாசல் திறப்பது. கடல் பக்கத்திலேயே இருந்தும் கருவி இல்லாததால் கடலுக்குள் போக முடியாத கல்லூரிகள் டெல்டாவில் உண்டு. நாகப்பட்டினத்தில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் விலங்கியலோ புவியியலோ வேதியியலோ படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கப்பல் நாள் ஒதுக்கப்பட்டாலும் கருவியைத் தானே கொண்டுவர வேண்டும் என்றால், ஏற்கெனவே பணம் உள்ள பெரிய நிறுவனம்தான் கப்பலேறும். கப்பலிலேயே கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தால், நல்ல கேள்வியோடு வரும் சின்னக் கல்லூரி ஆசிரியரும் ஏறலாம்.

5. மற்ற நாடுகளில், இங்கே

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்வுக் கப்பல்களை ஒருங்கிணைக்க யூனால்ஸ் என்ற கூட்டமைப்பு 1971இல் உருவானது. கப்பல்கள் வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கும். பயண அட்டவணையைச் சேர்ந்து போடுவார்கள். அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளை கப்பல் இயக்குபவர்களுக்கென்றே தனியாகக் கருவிப் பணம் கொடுக்கிறது. நிபந்தனை, அந்தக் கருவி ஒருவரின் ஆய்வுக்கு என்று இல்லாமல் கப்பலில் வரும் எல்லாருக்கும் பயன்பட வேண்டும். தொழில்நுட்பர்களின் சம்பளத்துக்கும் தனி நிதி உண்டு. கப்பல் ஓடும்போது தானாகப் பதிவாகும் அளவுகளைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் சேர்ந்தே வந்துவிட்டது.

பிரிட்டன் இன்னொரு வழி போனது. சவுத்தாம்டனில் உள்ள தேசிய கடலியல் மையம் ஒரே பெரிய கருவிக் கிடங்கை வைத்திருக்கிறது. விஞ்ஞானி தன் பயணத்துக்கு வேண்டியதைப் பட்டியலிட்டால், கிடங்கு சோதித்து, கப்பலேற்றி, ஆளையும் சேர்த்து அனுப்பும். ஐரோப்பாவில் சில நாடுகள் இதற்கும் மேலே போய், பணம் கைமாறாமல் கப்பல் நாட்களையும் கருவிகளையும் பண்டமாற்றாகப் பரிமாறிக்கொள்கின்றன.

இந்தியாவில் கப்பல்கள் பல கைகளில் இருக்கின்றன. சாகர் நிதி, சாகர் மஞ்சுஷா, கரையோரக் கப்பல்களான சாகர் தாரா, சாகர் அன்வேஷிகா ஆகியவை சென்னை என்.ஐ.ஓ.டி.யிடம். 1983 முதல் ஓடும் சாகர் கன்யா கோவா மையத்திடம். மீன்வள ஆய்வுக்கான சாகர் சம்பதா கொச்சியில். இவை எல்லாம் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ். சிந்து சாதனா மட்டும் சி.எஸ்.ஐ.ஆரின் தேசிய கடலியல் நிறுவனத்துக்குச் சொந்தம். மற்ற நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் விண்ணப்பித்துக் கப்பல் நாள் பெறலாம். ஆக, கப்பலைப் பகிரும் பழக்கம் நமக்கு உண்டு. 2021இல் 4,077 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டம் வந்தபின் கருவிகளும் கூடியிருக்கின்றன. என் கருத்தில், அடுத்து வேண்டியது கப்பல்களுக்கு மேலாக, அமைச்சக எல்லைகளையும் தாண்டி நிற்கும் ஒரே கருவிக் கிடங்கு.

6. எங்கே சிக்கும்

டெல்டாவில் அறுவடை இயந்திரம் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தை பிறந்தால் எல்லா வயலும் ஒரே சமயத்தில் முற்றும்; எல்லாருக்கும் அதே வாரத்தில் வண்டி வேண்டும். ஈரம் காயாத வயலுக்கு டயர் வண்டி ஆகாது, பெல்ட் வண்டிதான் வேண்டும், அது எண்ணிக்கையில் குறைவு. வண்டி நின்றுவிட்டால் உதிரிபாகம் வரும்வரை மூன்று ஊர் காத்திருக்கும். ஓட்டத் தெரிந்தவர் இல்லாமல் வண்டி மட்டும் வந்தால் ஒன்றும் நடக்காது.

கடலிலும் அதே நான்கு சிக்கல்தான்.

1. பருவ மோதல். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் வங்கக் கடலை அளக்கத்தான் எல்லாரும் விரும்புவார்கள். ஒரே சி.டி.டி. கூடு இரண்டு கப்பலில் இருக்க முடியாது.

2. பொருந்தாத கருவி. ஆழ்கடலுக்கு வாங்கிய பெரிய கூடு ஆழம் குறைந்த இடத்துக்கு உதவாது. இது நம் கரைக்கு மிக முக்கியம்; கீழே வருகிறேன்.

3. உடைந்தால் யார் பொறுப்பு. கேபிள் அறுந்து ஒரு கூடு ஆழ்கடலில் போனால் பெரும் நஷ்டம். தனி நபர் தலையில் பொறுப்பைக் கட்டினால் பயத்தில் யாரும் கருவியைத் தொடமாட்டார்கள், பூட்டியே வைப்பார்கள். ஆகவே இழப்பு நிதியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

4. ஆள். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கேபிளின் நுனி தேய்ந்தால் சில மீட்டர் வெட்டி எறிந்து, உள்ளே இருக்கும் கம்பியைத் தண்ணீர் புகாமல் மறுபடி இணைக்க வேண்டும். கப்பல் ஆடும்போது, ராத்திரியில், கை ஈரத்தோடு அதைச் செய்யத் தெரிந்த தொழில்நுட்பரைப் புத்தகம் படித்து உருவாக்க முடியாது. பத்து வருஷம் கடலில் இருந்தவரால்தான் முடியும். அப்படிப்பட்டவரை ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்து, திட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டால் கருவி பெட்டியிலேயே கிடக்கும். கருவி வாங்க நிதி கேட்பது சுலபம், திறப்பு விழாவும் உண்டு. பராமரிப்புக்கும் சம்பளத்துக்கும் கேட்பது கஷ்டம்.

7. அப்படியானால் உளவுக் கப்பல்?

2023 அக்டோபரில் சீனாவின் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தபோது இந்தியா கவலை தெரிவித்தது. அதன்பின் 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை தடை போட்டது. ஆய்வுக் கப்பல்தானே, ஏன் இவ்வளவு பரபரப்பு என்று கேட்டவர்கள் பலர்.

காரணம் கருவியிலேயே இருக்கிறது. வெப்பமும் உப்பும் ஆழமும் தெரிந்தால் அந்த நீரில் ஒலி எப்படி வளையும் என்று கணக்கிடலாம். நீர்மூழ்கி எந்த ஆழத்தில் ஒளியலாம், அதை எப்படிக் கேட்கலாம் என்பதற்கும் அதே கணக்குதான். மல்டிபீம் வரைபடம் புவியியலாளருக்கும் உதவும், கடற்படைக்கும் உதவும். எனவே கருவியைப் பார்த்து நோக்கத்தைச் சொல்ல முடியாது. கடல் சட்டப்படி, ஒரு நாட்டின் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்துக்குள் பிற நாட்டார் ஆய்வு செய்ய அந்த நாட்டின் ஒப்புதல் வேண்டும்; விரும்பினால் கரையோர நாட்டின் விஞ்ஞானி கூடவே போகவும், அளவுகளைப் பெறவும் உரிமை உண்டு. ஒரு பயணத்தின் அளவுகள் பொதுக் களஞ்சியத்துக்கு வருகின்றனவா என்பது அதன் நோக்கத்தைப் பற்றிக் கப்பலின் பெயரைவிட அதிகம் சொல்லும். இது நம் கப்பல்களுக்கும் பொருந்தும். இந்தியாவின் தேசிய கடலியல் தரவு மையம் இன்காய்ஸ்தான். பாதுகாப்புக் காரணத்துக்காகச் சிலவற்றை மறைப்பதில் நியாயம் உண்டு. கரையோர உப்பு அளவையும் ஆக்சிஜன் அளவையும் நாகை ஆய்வு மாணவருக்குத் தராமல் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

8. டெல்டாக் கடலுக்கு எது பொருந்தும்

நம் கடல் பெரிய கப்பலுக்கு ஏற்றதல்ல. கோடியக்கரையைச் சுற்றித் தெற்கே போனால் பாக் ஜலசந்தி. பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவான ஆழம். மல்டிபீம் ஒரு தடவையில் பார்க்கும் அகலம் ஆழத்தைப்போல மூன்று நான்கு மடங்கு. 4,000 மீட்டர் ஆழத்தில் அது 12 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 30, 40 மீட்டர் பட்டை. ஆழக்கடலைவிடக் கரையோரத்தை அளப்பதுதான் மெதுவான, அலுப்பான வேலை. ஆனால் 2004 டிசம்பர் 26இல் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன சுனாமியில், அலை எந்த ஊரில் எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பெரிதும் தீர்மானித்தது இந்தக் கரையோர ஆழங்கள்தான். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலைத் தின்ற அரிப்பையும் இதே அளவுகள் இல்லாமல் விளக்க முடியாது.

அப்புறம் வெள்ளம். 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடத்தில் லட்சக்கணக்கான கன அடி போனது. 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் ஒன்பது மதகுகள் உடைந்தன. அந்தத் தண்ணீர் பழையாறு முகத்துவாரத்தில் கடலில் கலந்தபோது எவ்வளவு வண்டல் கொண்டுவந்தது, அது கரைக்குத் திரும்பியதா, ஆழத்துக்குப் போனதா என்பது டெல்டாவின் எதிர்காலத்துக்கே அடிப்படையான கேள்வி. அணைகளில் மண் தங்கிவிடும் காலத்தில், வெள்ளம் தரும் வண்டல்தான் முகத்துவாரத்துக்குக் கிடைக்கும் சொற்பம். இதை அளக்க அந்த ஒரு வாரத்துக்குள் கடலில் இருக்க வேண்டும். சென்னைக்கோ கோவாவுக்கோ விண்ணப்பம் அனுப்பி, குழு கூடி, அடுத்த ஆண்டு அட்டவணையில் இடம் பிடித்துச் செய்யும் வேலை இல்லை.

ஆகவே நாகையில் ஒரு சிறு கருவிக் கிடங்கு வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. கையால் இறக்கக்கூடிய சிறிய சி.டி.டி. இரண்டு, கலங்கல் அளக்கும் சென்சார்கள், படகின் பக்கவாட்டில் கட்டும் சிறிய எக்கோ சவுண்டர், நீரோட்டக் கருவி, நிரந்தர வேலையில் இரண்டு தொழில்நுட்பர்கள். ஃபைபர் படகிலேயே ஏற்றலாம். பல்கலைக்கழகம் இடம் தரலாம்; பரங்கிப்பேட்டையும் மயிலாடுதுறையும் முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

மீனவர்களை வெறும் படகு ஓட்டிகளாகச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் லாப்ஸ்டர் கூண்டுகளில் வெப்பமானிகளைக் கட்டி மீனவர்களே இருபது ஆண்டுகளுக்கு மேலாக அளவெடுக்கிறார்கள். நியூசிலாந்திலும் வலைகளில் சென்சார் மாட்டி இதையே செய்தார்கள். நாகை, காரைக்கால் விசைப்படகுகள் நூற்றுக்கணக்கில் தினமும் வலை இறக்கும் கடலில் அப்படி ஒரு ஏற்பாடு வந்தால் எந்தக் கப்பலும் தர முடியாத அளவுகள் கிடைக்கும். நீவாடு (நீரோட்டம்) மாறிப்போச்சு, அடித்தண்ணி குளிர்ந்துவிட்டது என்று அவர்கள் சொல்வதற்குப் பக்கத்தில் எண்ணும் வந்து நிற்கும். படகு எங்கே வலை விரித்தது என்ற விவரம் மட்டும் மீனவர் கையைவிட்டுப் போகக்கூடாது. எல்லைக் கோட்டருகே கைதும் படகுப் பறிமுதலும் நடக்கும் கடலில் இது சின்ன விஷயமில்லை. எழுத்தில் உறுதி தராமல் ஒரு சென்சார்கூட ஏறாது, ஏறவும் கூடாது.

அந்த சென்சார்களுக்கும் காலிப்ரேஷன் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில்தான் நிற்கின்றன. அந்த நாட்களில் எல்லா சென்சார்களையும் கழற்றி, ஒரே தொட்டித் தண்ணீரில் ஒரு நல்ல தரநிலை வெப்பமானியோடு மூழ்கவைத்து, எது எவ்வளவு பிசகியிருக்கிறது என்று குறித்து, தடை முடிவதற்குள் திருப்பி மாட்டலாம். வேண்டியது ஒரு தொட்டி, ஒரு தரநிலை வெப்பமானி, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு வருஷம் முழுக்கச் சம்பளம்.